சிரித்தவர்களுக்கு ஒரு பாட்டு

"…பாட்டு நல்லா இருக்கணும்னு உங்களுக்கு எவன் சொன்னான் அண்ணாச்சி? நல்ல பாட்டத்தான் எல்லாவனும் போடுதான். கேக்கவன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டுட்டுப் போயிருதான். அது இல்ல தொழிலு. சோத்துல வச்ச கைய அவன் ஒரு நிமிசம் எடுக்கணும். தலையத் திருப்பிப் பாக்கணும். எவன் எவன் திருப்பினான்னு நான் பாத்து வச்சுக்கிடணும். அம்புட்டுதான்."

புரோத்ராபூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், என் லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவன் இதைச் சொன்னான். கூம்பு ஸ்பீக்கர்கள் இரண்டும் பின்னால் வைக்கோலில் புதைந்து கிடந்தன. டேப் ரிக்கார்டரை மட்டும் பின்னால் வைக்க அவனுக்கு மனம் ஒப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, குழி வரும்போதெல்லாம் தூக்கித் தூக்கிப் பிடித்தான். பள்ளத்தில் வண்டி இறங்கினால் என்னைத் திட்ட மாட்டான், லாரியைத் திட்ட மாட்டான். ரோடு போட்டவனைத் திட்டுவான். ரோடு போட்டவன் யாரென்று தெரியாவிட்டால் விசாரித்துத் தெரிந்துகொண்டு திட்டுவான். பொதுவாக உலகத்தின் மேல் கோபப்படுகிற ஆள் அல்ல அவன். ஆள் பார்த்துத்தான் கோபம் வரும். வந்தால் அந்த ஆள் மேலேயே குடியிருந்துவிடும்.

அவன் பெயரை எழுத மாட்டேன். போர்ட் பிளேரையும் தீவையும் விட்டுப் போய் எவ்வளவோ காலமாயிற்று. தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் பார்த்தேன் என்கிறார் ஒருவர், நிக்கோபார் பக்கம் இருக்கிறான் என்கிறார் இன்னொருவர். எங்கே இருந்தாலும், பெயரைப் போட்டு எழுதினேன் என்று காதில் விழுந்தால் எனக்கும் ஒரு பாட்டு எடுத்து வைத்துவிடுவான். அது என்ன பாட்டு, அதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். மீன்பிடிக்க என்று டெக் டிக்கெட்டில் கப்பலேறி வந்தவன், படகு என்ஜினையும் ரேடியோவையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கை பழகி, போர்ட் பிளேர் பக்கம் டாலிகஞ்சில் ஒரு தகரக் கொட்டகையில் மைக் செட் போட்டுவிட்டான். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரு கூம்பு ஸ்பீக்கர். இரண்டாவது கூம்பு பிறகு வந்தது. ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டினால் வலைக்காரன் முடிச்சுத்தான் போடுவான். புயலடித்தாலும் மரம் விழுமே தவிர முடிச்சு அவிழாது. கரண்ட் இன்னும் வராத குடியிருப்புகளில் என் லாரி பேட்டரியைக் கழற்றி அதில் பாட்டு ஓடும். பாட்டெல்லாம் ஓடி முடித்த பிறகு பேட்டரியில் வண்டி கிளப்பத் தெம்பு இருக்காது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஏப்பம் விட்டபடியே லாரியைத் தள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

"மைக் செட்டுக்காரனுக்கு ரெண்டு காது பத்தாது அண்ணாச்சி," என்பான். "ஒண்ணு பாட்டுக்கு. ஒண்ணு சனத்துக்கு. இன்னொண்ணு நம்மள ஏசுதவனுக்கு." மற்ற இரண்டையும்விட அந்த மூன்றாவது காதுதான் அவனுக்குக் கூர்மை.

அந்த நாளில் போர்ட் பிளேரில் மைக் செட் என்றால் பஜாரில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர்தான். கறுப்புக் கோட்டும் நெற்றியில் சந்தனமுமாக வந்து நின்று, முதல் ரிக்கார்டு சாமி பாட்டாகப் போட்டு, "அன்பார்ந்த பெரியோர்களே" என்று அவர் தொடங்கினால்தான் அது கல்யாணம், அதுதான் திருவிழா. அவருடைய மைத்துனர் மெட்ராஸ் கப்பலில் வேலை பார்த்தார். கப்பல் சங்கு ஊதினால் ஊருக்குக் கடுதாசி வரும், காய்கறி வரும். பெரியவருக்குப் பாட்டு வரும். பயணிகள் இறங்குவதற்கு முன்னால் ரிக்கார்டுக் கட்டு இறங்கிவிடும். புதுப் பாட்டெல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் புதுசாய் வந்த ஒருவன் எதைப் போட்டுப் பேர் வாங்குவான்? இவன் போய்க் கேட்டான். பழசு ரெண்டு இருந்தா குடுங்க ஐயா என்று கேட்டானாம். "பழசெல்லாம் எனக்கே வேணும்ப்பா. புதுசு பழசாகட்டும், அப்புறம் வா," என்றாராம் பெரியவர். அதைக்கூட இவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "அது யாவாரம். யாவாரத்துல கோவம் இல்ல," என்றான்.

கோபம் மாதா கோயில் திருவிழாவில் வந்தது.

அன்றைக்கு நான் புரோத்ராபூரில் மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தேன். நடந்ததை அவனுடைய சேக்காளி சொல்லித்தான் அறிந்தேன். சேக்காளி என்றால் இவனோடு ஒரே படகில் போகிறவன். இவன் தீவில் வந்திறங்கிய நாளில் தன் பாயில் பாதியை விரித்துக் கொடுத்தவன். திருவிழாவுக்கு வழக்கம்போலப் பெரியவரின் செட். கடலோரமாக மீனவர் குடும்பங்கள் உட்காரும் பக்கம் சத்தம் சரியாக எட்டாது. அங்கே தன்னுடைய ஒற்றைக் கூம்பைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று இவன் கெஞ்சிக் கேட்டு, பெரியவரும் தலையாட்டிவிட்டார். இவனுக்கு அது முதல் பெரிய கூட்டம். சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்தானாம்.

நடுவில் என்ன தோன்றியதோ, பெரியவர் மைக்கைப் பிடித்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பின்னால ஒரு தகர டப்பா கத்துது, யாராவது மூடுங்கப்பா. பாட்டுல மீன் வாடை அடிக்குது."

கூட்டம் சிரித்தது. கடற்கரைக் கூட்டமும் சேர்ந்து சிரித்தது. இவன் மரத்தில் ஏறி, முடிச்சு முடிச்சாக, அவசரமே இல்லாமல் அவிழ்த்து, கூம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

ஆனால் இன்னொன்றும் நடந்திருந்தது. டார்ச் லைட் செல்லில் ஓடுகிற ஒரு சின்ன ஸ்பூல் டேப் ரிக்கார்டர் அவனிடம் இருந்தது. ஏதோ வெளிநாட்டுக் கப்பலின் பணியாளிடம் வாங்கியது. கோயில் பெண்பிள்ளைகள் பாடுவதைப் பிடித்துப் பார்க்கலாம் என்று அன்றைக்கு அதை ஓடவிட்டிருக்கிறான். பெண்பிள்ளைகளின் பாட்டுக்கு நடுவில் பெரியவர் பேச்சும் சிரிப்பும் அப்படியே நாடாவில் ஏறிவிட்டன.

காய்ச்சல் தெளிந்து நான் டாலிகஞ்சுக்குப் போனபோது எனக்கும் போட்டுக் காட்டினான். காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் ஒரு தரம், கடலுக்குப் போய் வந்து ஒரு தரம் என்று மருந்து மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாக் கேளுங்க. கோழி கொக்கரிக்க மாதிரி ஒண்ணு வருதா? அது மரக் கான்ட்ராக்டரு. மூக்கால சிரிக்கது ஆபீஸு ஐயா. அந்தா, எல்லாவனும் சிரிச்சு முடிச்சப் பொறவு ஒருத்தன் இருமி இருமிச் சிரிக்கான் பாத்தியளா…" அங்கே நிறுத்திவிட்டான். பிறகு, "அது நம்ம ஆளு," என்றான். சேக்காளி.

"அழிச்சிருப்பா," என்றேன். "இத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறே?"

"அழிச்சா அவனுவ சிரிக்கலேன்னு ஆயிருமா?"

நாடாவைப் பின்னால் சுற்றி, இன்னொரு தரம் ஓடவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்து டாலிகஞ்சில் ஒரு தச்சர் வீட்டுக் கல்யாணம். காதல் பாட்டு ஒன்று பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது மரக் கான்ட்ராக்டர் எவர்சில்வர் குடம் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார். இவன் முள்ளைத் தூக்கினான். வேறொரு ரிக்கார்டை வைத்தான். அது ஒரு நகைச்சுவைப் பாட்டு. ஆரம்பமே கோழி கொக்கரிக்கிற சத்தம். அவர் ஓர் அடி வைத்தார், கோழி கொக்கரித்தது. நின்றார், மறுபடி கொக்கரித்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். குடத்தை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அவர் மணமகளின் தம்பியிடமே திணித்துவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

ஆபீஸ் ஐயாவுக்கு வேறு மாதிரி. அவர் எப்போதும் கடைசியாக வந்து முதல் நாற்காலியில் உட்காருகிறவர். அவர் உள்ளே வருகிற நேரம் பார்த்து, ஏதோ படத்தில் பாடையைத் தூக்கும்போது வருகிற பாட்டை எடுத்து வைத்தான். மணப்பெண்ணின் அம்மா பதறி ஓடி வந்தாள்.

"ஏம்ப்பா, நல்ல காரியத்துல இதையா போடுவே?"

"கை தவறிட்டும்மா," என்று உடனே எடுத்துவிட்டான். அதற்குள் அந்தப் பாட்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்படித்தான் அவன் பேர் வாங்கினான். புதுப் பாட்டு இருந்தது பெரியவரிடம். ஆனால் யார் நுழையும்போது என்ன பாட்டு என்கிற விஷயம் இவனிடம் மட்டும்தான் இருந்தது. கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவர்கள்கூட வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். இன்றைக்குக் கல்யாண வீடுகளில் இளவட்டங்கள் கணினியை மேசையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தங்கள் பக்கம் திருப்ப என்னென்னவோ செய்கிறார்கள். விளக்குப் போடுகிறார்கள், புகை விடுகிறார்கள். அவனிடம் விளக்கும் இல்லை, புகையும் இல்லை. நெஞ்சில் வைத்து வளர்த்த கறுவம் இருந்தது.

டாலிகஞ்ச் முக்கில் டீக்கடை வைத்திருந்த மலையாளி ஒருவர், தனக்கு என்ன பாட்டு வைத்திருக்கிறான் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். வங்காளித் தச்சர்கள் அவனை மறித்து, "பாய், மேரா கானா கோன் சா?" என்று கேட்பார்கள். என் பாட்டு எது என்று கேட்பதிலே அப்படி ஓர் ஆசை. "நீ என்னயப் பாத்துச் சிரிக்கலியேப்பா. சிரிச்சாத்தான் பாட்டு," என்பான். அதைக் கேட்டுவிட்டு அவனைப் பார்த்து வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பையெல்லாம் அவன் சேர்த்துக்கொள்ள மாட்டான். "அது கடைச் சரக்கு. உள்ளேருந்து வந்த சிரிப்புக்குத்தான் எங்கிட்ட மருவாதை."

கல்கத்தா கப்பலின் சமையல்காரர் ஒருவரைச் சிநேகம் பிடித்து, கருவாட்டைக் கொடுத்து வங்காளப் பாட்டு ரிக்கார்டுகள் வாங்கினான். அந்தக் கட்டோடு வடக்கே இன்னொரு தீவில் இருந்த ரங்கத்துக்குப் படகில் போய், அங்கே குடியேறியிருந்த வங்காளிகளின் பூஜைக்கு செட் போட்டான். காடு வெட்டி நெல் போட்டுக்கொண்டிருந்த அந்தச் சனத்துக்கு அவர்கள் மொழியில் எவனும் குழாயில் பாட்டுப் போட்டதில்லை. கிழவர்கள் ஸ்பீக்கர் கட்டிய மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். அந்தக் கூட்டத்தில் ரங்கத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவரும் இருந்தார், தமிழர். இவனைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

இவ்வளவு தூரம் எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. சேக்காளிக்குப் பாட்டுப் போட்ட அன்றுதான் வேடிக்கை விட்டுப்போயிற்று.

சேக்காளி படகில் சுக்கான் பிடிக்கும்போது ஒரு தரம் கண்ணயர்ந்து, படகைப் பாறையில் உரசிவிட்டவன். கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன் தங்கை மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தபோது இவன் ஒரு தாலாட்டுப் பாட்டைப் போட்டான். கடற்கரை முழுக்கச் சிரித்தது. அடுத்த விருந்திலும் தாலாட்டு. அதற்கடுத்ததிலும் தாலாட்டு. சேக்காளி விருந்துகளுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஒரு நாள் காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றான். நான் உள்ளே பேட்டரிக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

"ஏல, நான் ஒரு தடவ சிரிச்சதுக்கு எத்தன கல்யாணத்துல அழணும்?"

இவன் கையில் இருந்த ஸ்குரூவைத் திருகிக்கொண்டே சொன்னான்: "டேப்புல உன் சிரிப்பு இன்னும் நிக்கலியேல."

"பாய விரிச்சுக் குடுத்தேன்லா உனக்கு."

"அதனாலதான் தாலாட்டு. மத்தவனுக்குப் பாடை."

சேக்காளி திரும்பிப் போனான். அந்த வாரமே வேறு படகுக்கு மாறிவிட்டான். நான் அன்று பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, இவனோடு சகவாசம் வைத்திருக்கிற எல்லோரும் ஒரு நாள் இவனிடம் மாட்டுவோம் என்று தோன்றியது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. அவன் பேச்சு எனக்கு அப்படிப் பிடித்துப் போயிருந்தது.

பெரியவருக்கு மட்டும் அவன் எந்தப் பாட்டும் போடவில்லை. அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஓடிக்கொண்டிருந்த பாட்டே ஓடும்.

ஒரு மத்தியானம் பெரியவரே கோட்டோடு டாலிகஞ்ச் வெயிலில் நடந்து வந்தார். கொட்டகையில் உட்கார ஒரு மண்ணெண்ணெய் டின்தான் உண்டு. அதைத் துடைத்துப் போட்டான்.

"என் பொண்ணுக்குக் கல்யாணம்," என்றார். "மாப்பிள்ளை வீடு ரங்கத்து. கருவாட்டு யாவாரி. நீ வந்து செட் போட்டாத்தான் ஆச்சுன்னு சம்பந்தி ஒத்தக் கால்ல நிக்கிறார். இந்த ஊர்ல முதல்ல மைக் கட்டினவன் நான். என் வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிட நானே வந்திருக்கேன். பாத்துக்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா."

"எனக்கு என்ன பாட்டு வச்சிருக்கே?"

"ஆரு சொன்னா?"

"ஊருக்கெல்லாம் போட்டுட்டே. எனக்கு மட்டும் போடல. ஒவ்வொரு வீட்டுக்குள்ள நுழையும்போதும், இன்னிக்குத்தானோ இன்னிக்குத்தானோன்னு வாசல்லயே நின்னுடறேன் தம்பி. அதைப் போட்டுத் தொலைச்சுட்டாலும் தேவலை."

"உங்களுக்குள்ளது இன்னும் தயாராவல ஐயா."

பெரியவர் கொஞ்ச நேரம் செருப்பால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்குத் திருவிழாவுல நான் ஏதோ சொல்லிட்டதா ஜனங்க சொல்றாங்க," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு ஞாபகம் இல்லப்பா."

இவன் தலையை ஆட்டினான். கல்யாணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டான். டம்ளரில் தண்ணீர் கொடுத்து அனுப்பினான். அவர் தெரு முனை திரும்பியதும் என்னைப் பார்த்து, "ஞாவகம் இல்லியாம் அண்ணாச்சி," என்றான். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. முகம் கழுவுமுன் கேட்டு, கடலிலிருந்து வந்து கேட்டு, ஒருவன் நெஞ்சில் ஆணியாக அடித்து வைத்திருக்கிற வாக்கியம். அதைச் சொன்னவருக்கு ஞாபகமே இல்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அந்த "ஞாபகம் இல்ல"யில்தான் எல்லாம் தீர்மானமாயிற்று.

அன்றே வேலையைத் தொடங்கினான். டேப்பில் பெரியவர் பேசிய துண்டையும் அதன் வாலில் இருந்த சிரிப்பையும் மட்டும் பிளேடால் வெட்டி எடுத்தான். இரண்டு நுனியையும் சேர்த்து ஒட்டி வளையமாக்கினான். வளையம் ரிக்கார்டரின் வாய்க்குள் போய் வெளியே வந்து, பக்கத்தில் நிறுத்திய மருந்து பாட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போகும். பேச்சு முடிந்ததும் சிரிப்பு, சிரிப்பு முடிந்ததும் அதே பேச்சு, நிறுத்துகிற வரைக்கும். ஒட்டுவதற்குச் சரியான நாடா தீவில் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி வாங்கி ஒட்டினான். அது தடிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒட்டு உள்ளே நுழையும்போது 'டொக்' என்று ஒரு அடி விழுந்தது. அதை எப்படியாவது போக்க வேண்டும் என்று சுரண்டிப் பார்த்தான், மெழுகு தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

"இந்த எழவு டொக்கு பேச்சக் கெடுக்குது," என்று அலுத்துக்கொண்டான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று புரோத்ராபூரில் பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு லாரியில் அவனை ஏற்றிக்கொண்டு போனேன். புரோத்ராபூர் நெருங்கும்போது கேட்டே விட்டேன்.

"பொண்ணு என்னப்பா பாவம் செஞ்சுச்சு?"

"பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. தாலி ஏறட்டும். அதுக்கு முந்தி இந்தப் பெட்டியத் தொட மாட்டேன்."

"ஏறினப்புறம்?"

"அவரு சொன்னத அவரு வாயாலயே சொல்லுவாரு. மீன் வாடைன்னு சொல்லுவாரு. கருவாட்டுக்காரச் சம்பந்தி பக்கத்துல நின்னு கேக்கட்டும். அதுக்கப்புறம் அவருக்கு ஞாவகம் இருக்கும்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். திருப்பவில்லை. அவரும் கேட்கத்தானே வேண்டும் என்று எனக்குள்ளேயும் ஒன்று சொல்லிற்று.

சொன்னபடியே தாலி ஏறும் வரைக்கும் ஒழுங்காகச் சாமி பாட்டும் நாதஸ்வரமும் போட்டான். பந்தி போட்டார்கள். ரங்கத்து ஆட்கள் ஒரு கப்பல் கூட்டம் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் மாப்பிள்ளையின் வங்காளிச் சிநேகிதர்கள். போர்ட் பிளேர்க்காரர்களோ இலையைப் பார்க்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் சம்பந்தியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்தலுக்குள் வந்தார்.

இவன் ரிக்கார்டிலிருந்து முள்ளைத் தூக்கினான். மைக்கை டேப் ரிக்கார்டரின் முன்னால் வைத்துக் கயிற்றால் கட்டினான். பாட்டிலை நிறுத்தினான். சுவிட்சைத் தட்டினான்.

"பின்னால ஒரு தகர டப்பா கத்துது, யாராவது மூடுங்கப்பா. பாட்டுல மீன் வாடை அடிக்குது." கூட்டத்தின் சிரிப்பு. டொக். "பின்னால ஒரு தகர டப்பா கத்துது…"

முதல் சுற்றில் பந்தல் அப்படியே உறைந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியைத் தூக்கியபடி நின்றான். பெரியவரின் முகத்தில் இரத்தம் இல்லை. இப்போது ஞாபகம் வந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டாவது சுற்றில் சம்பந்தி நடையை நிறுத்தினார். மூன்றாவது சுற்றில், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத வங்காளிப் பையன் ஒருவன், அந்த 'டொக்' விழுகிற இடம் பார்த்து மேசையில் தட்டினான். அடுத்த சுற்றில் அவன் வரிசை முழுக்கத் தட்டியது. ஒருவன் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டான். டொக்குக்கும் டொக்குக்கும் நடுவில் வாளி பேசத் தொடங்கியது. ரங்கத்து இளவட்டங்கள் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். "தகர டப்பா, தகர டப்பா" என்று தமிழ் தெரியாத வாய்களெல்லாம் சேர்ந்து சொல்லின. எச்சில் கையோடு ஆடினார்கள். மணப்பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி பெரியவரின் தோளில் ஓங்கித் தட்டினார். "நம்ம சரக்குக்கே பாட்டுக் கட்டிட்டான்யா. மீன் வாடையாம். எம் பொழைப்பு பூரா அதுலதானே வந்துச்சு. யாரு சம்பந்தி பாடுறது? கணீர்னு இருக்கே குரல்."

பெரியவர் சம்பந்தியைப் பார்த்தார். ஆடுகிற கூட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்துக்கு இரத்தம் திரும்பி வந்தது. கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நான்தான்," என்றார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கேட்டதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. பந்தலில் ஒரு கைகூட இலையில் இல்லை. அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியிருந்தது. "ஏக் பார் அவுர், பாய், பந்த் மத் கரோ," என்று கத்திக்கொண்டிருந்தார்கள், இன்னும் ஓட்டு, நிறுத்தாதே என்று. தீவில் எந்த மைக் செட்டுக்காரனுக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ரங்கத்து வரைக்கும் அவனைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அவன் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. பெரியவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த முகத்தில் அவன் தேடியது ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போய்விட்டது.

பெரியவர் சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். கயிற்றை அவிழ்த்து மைக்கைக் கையில் எடுத்தார். பாட்டு குழாயிலிருந்து விலகிச் சின்னதாயிற்று. அவர் தொண்டையைச் செருமினார். எத்தனையோ கல்யாணங்களைத் தொடங்கி வைத்த அந்தக் குரலில், "அன்பார்ந்த பெரியோர்களே," என்றார். கூட்டம் அடங்கியது. "இந்தப் பாட்டுல ஒலிக்கிற குரல் யாரோடதுன்னு கேக்கறீங்க. இந்தக் குரல்…"

இவன் குனிந்து பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்கினான்.

பெரியவரின் உதடுகள் அசைந்தன. கை நெஞ்சைத் தொட்டுக் காட்டியது. ஒன்றும் கேட்கவில்லை. "கானா, கானா," என்று பின்னாலிருந்து கூப்பாடு கிளம்பி அவர் வாயால் சொன்னதையும் மூழ்கடித்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். டார்ச் செல்லில் ஓடுகிற அந்தச் சின்னப் பெட்டி மட்டும், பக்கத்தில் நின்ற எங்கள் மூன்று பேருக்கும் கேட்கிற அளவில், தகர டப்பா, தகர டப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ஒயரை மாட்டு தம்பி," என்றார் பெரியவர். "ஜனங்க கேக்கறாங்க இல்ல."

சம்பந்தியும் வந்துவிட்டார். "போடுப்பா, போடு. நாளைக்கு ரங்கத்துல என் கடைத் திறப்புக்கும் இதையேதான் போடணும்."

"ஒரே ஒரு தடவை," என்றார் பெரியவர். குரலில் இப்போது கெஞ்சல் இருந்தது.

"பாட்டு முடிஞ்சிட்டு ஐயா," என்றான்.

பாட்டிலிலிருந்து வளையத்தைக் கழற்றினான். தூண்டில் நரம்பைக் கடிக்கிற மாதிரிக் கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரே கடியில் அறுத்தான். பிறகு பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அதைத் துண்டு துண்டாகக் கடித்து, பக்கத்தில் கிடந்த எச்சில் இலையில் துப்பினான்.